மூன்று நிமிடக் குரல்: கடல் கடந்த அழைப்பின் விலையும் பேச்சும்

1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அங்கிருந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒரே இரவில் போர்முனையில் சிக்கினர். அடுத்த இரண்டு மாதங்களில் ஏர் இந்தியா 488 முறை பறந்து, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அம்மான் வழியாகத் தாயகம் சேர்த்தது. இந்த மீட்பு பெரும்பாலும் விமானங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. குவைத்துடனான தொலைபேசித் தொடர்பு அறுந்தது. கேரளத்திலும் ஆந்திரத்திலும் பஞ்சாபிலும் இருந்த குடும்பங்கள், தம்மவர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வாரக்கணக்கில் காத்திருந்தன.

ஆயினும் அக்குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தொலைபேசியின் மௌனம் புதியதன்று. 1991இல் இந்தியாவின் மக்கள்தொகை 84.6 கோடி, தொலைபேசி இணைப்புகளோ ஏறத்தாழ 50 இலட்சம். நூறு பேருக்கு ஓர் இணைப்புக்கூட இல்லை. இருந்தவையும் நகரங்களிலேயே குவிந்திருந்தன. எண்ணெய்ப் பொருளாதாரம் இலட்சக்கணக்கான உழைப்பாளர்களை அரபிக்கடலுக்கு அப்பால் அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்டுச்சென்ற ஊர்களில் அவர்களது குரலைக் கேட்க ஒரு கருவி இல்லை. இந்த இடைவெளியை மக்கள் எவ்வாறு நிரப்பினர், அதற்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்பது, புலம்பெயர்வு ஆய்வுகளில் உரிய இடம் பெறாத ஒரு வரலாறு.

'தொழில்நுட்பம் வளர்ந்தது, அழைப்பு மலிந்தது' என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கதை. தரவுகளை வரிசைப்படுத்தினால் கதை இவ்வளவு நேர்கோட்டில் செல்வதில்லை. இந்தியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வானொலித் தொலைபேசிச் சேவை 1933இலேயே தொடங்கிவிட்டது. 1947இல் கடல்கடந்த தகவல்தொடர்பு அரசுடைமையானது. 1971இல் புணேக்கு அருகிலுள்ள ஆர்வியில் செயற்கைக்கோள் தரைநிலையம் இயங்கத் தொடங்கியது. 1976இல் மும்பைக்கும் இலண்டனுக்கும் இடையே, இயக்குநரின் துணையின்றி நேரடியாக எண்ணைச் சுழற்றும் ஐ.எஸ்.டி. வசதி வந்தது. 1981இல் சென்னையையும் பினாங்கையும் ஆழ்கடற் கம்பிவடம் இணைத்தது. கருவிகள் இருந்தன. ஆயினும் சாதாரண மனிதருக்கு அழைப்பு எட்டாக்கனியாகவே நீடித்தது. எனவே அழைப்பு அரிதாயிருந்ததன் காரணத்தைக் கருவிகளுக்கு வெளியேயும் தேடவேண்டியுள்ளது.

அக்காலத்து அழைப்பின் அடிப்படை அலகு மூன்று நிமிடம். 'டிரங்க் கால்' பதிவு செய்தபின் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று வகைகள் இருந்தன. வேகம் கூடக் கூடக் கட்டணம் பன்மடங்கு ஏறியது. 'பி.பி. கால்' என்றொரு வகையும் உண்டு. 'பர்ட்டிகுலர் பர்சன்', அதாவது குறிப்பிட்ட ஆள் என்பது அதன் விரிவு. குறிப்பிட்ட அந்த ஆளே பேச வந்தாலன்றி முழுக் கட்டணம் கிடையாது. இவ்வெழுத்துகள் பின்னர் அஞ்சலக வழக்கைக் கடந்து மக்கள் வழக்கில் நுழைந்தன. முகவரி அட்டைகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சிடப்பட்டால், அத்தொலைபேசி பக்கத்து வீட்டினருடையது அல்லது தெருமுனைக் கடைக்காரருடையது என்று பொருள். எண் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு. வெளிநாட்டிலிருந்து மகன் அழைத்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடிவந்து சொல்லும், தாய் ஓடிச்செல்வாள், அவள் மூச்சுவாங்குவதற்குள் ஒரு நிமிடம் போயிருக்கும். அடுத்த வீட்டினரின் கூடத்தில் நின்றபடி கணவனிடம் மனைவி எதைப் பேச முடியும், எதைப் பேச முடியாது என்பதையும் இந்த ஏற்பாடே தீர்மானித்தது.

இங்கு மொழியியல் நோக்கில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. சாக்ஸ், ஷெக்லோஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, உரையாடல் என்பது முறைவைத்துப் பேசும் ஒழுங்கு என்று காட்டியது. ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி, பல மொழிகளிலும் சராசரியாக ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு அளவிலேயே அமைகிறது என்று பிற்காலப் பன்மொழி ஆய்வுகள் அளந்துள்ளன. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. குரல் ஏறி இறங்கக் கால் நொடி. மறுமொழி திரும்ப இன்னொரு கால் நொடி. அந்த அரை நொடியைக் காது தயக்கமாகவோ சினமாகவோ வாசிக்கும். 'கேட்கிறதா?' என்று ஒருவர் மீண்டும் தொடங்கும்போது மற்றவரின் விடையும் வந்து மோதும். இருவரும் நிறுத்துவர், இருவரும் மறுபடி தொடங்குவர். மூன்று நிமிடத்தில் கணிசமான பகுதி 'ஹலோ, ஹலோ' என்பதிலேயே கழிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். பணம் வந்ததா, உடல்நலமா, விசா என்ன ஆயிற்று, யார் இறந்தார் என்ற வரிசையில் செய்திகள் அடுக்கப்பட்டன. செய்தியற்ற பேச்சுக்கு, அதாவது மலினோவ்ஸ்கி உறவாடற் பேச்சு என்று வகுத்த அந்தப் பயனிலாப் பெரும்பயனுக்கு, அங்கே இடமில்லை.

அந்த இடத்தை ஒலிநாடா பிடித்தது. வளைகுடாவிலிருந்து திரும்புவோரின் பெட்டியில் டேப் ரெக்கார்டர் கட்டாயப் பொருளானது. கடிதம் எழுதத் தெரியாதவரும் மணிக்கணக்கில் பேசிப் பதிந்து, ஊர் செல்லும் நண்பரிடம் கொடுத்தனுப்பினர். குழந்தையின் மழலையும் ஆட்டின் கத்தலும் பள்ளிவாசல் பாங்கொலியும் ஒரே நாடாவில் கடல் கடந்தன. 1970களின் பிற்பகுதியில் எஸ்.ஏ. ஜமீல் எழுதிப் பாடிய 'துபாய் கத்து பாட்டு' கேரளத்திலும் வளைகுடாவிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்த மாப்பிளப் பாட்டு அது. வீட்டுக்குள் சொல்ல முடியாததைப் பாட்டு ஊரறியச் சொன்னது. லீலா குலாத்தி 1993இல் வெளியிட்ட நூல் ஆடவர் இல்லாத கேரள இல்லங்களின் பெண்களை ஆராய்ந்தது. வங்கியும் நிலமும் பிள்ளைகளின் கல்வியும் அப்பெண்களின் பொறுப்பாயின. தொலைவிலுள்ள கணவனை உடனுக்குடன் கேட்க முடியாமையும் அந்தப் பொறுப்பை வளர்த்திருக்கும் என்று கருத இடமுண்டு.

1980களின் நடுப்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. 1984இல் சி-டாட் ஆய்வு நிறுவனமும், 1986இல் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனமும் தோன்றின. மஞ்சள் பலகையில் 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.' என்றெழுதிய கூண்டுகள் சிற்றூர்வரை பரவின. ஆள் நடத்தும் அக்கூண்டுகளை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. கண்ணாடிக் கதவும், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரும், அழைப்பு முடிந்ததும் சீட்டை அச்சிடும் கருவியும் அதன் அடையாளங்கள். உள்நாட்டுக் கட்டணம் இரவில் பாதியாகவும் பின்னர் காற்பங்காகவும் இறங்கியதால், நாட்டின் உறவுப்பேச்சு இரவுநேரத்துக்கு இடம்பெயர்ந்தது. பக்கத்து வீட்டுக் கூடத்தைவிடக் கூண்டு தனிமை தந்தது. ஆயினும் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டிய கட்டாயத்தையும் அது தந்தது.

வெளிநாட்டு அழைப்பின் விலை இறங்காததற்கு ஒரு கணக்குமுறையே முதன்மைக் காரணம். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அழைப்புச் சென்றால், அழைப்பைத் தொடங்கிய நாட்டின் நிறுவனம், முன்பே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பாதியைப் பெறும் நாட்டின் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே சென்ற அழைப்புகளைவிட இந்தியாவுக்கு வந்த அழைப்புகளே மிகுதி. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டியது. புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் புள்ளிவிவரங்களில் இடம்பெறுகிறது. அவர்கள் பேசிய பேச்சும் நாட்டுக்கு வருவாய் ஈட்டியதைப் பொதுவாக எவரும் குறிப்பிடுவதில்லை. விகிதம் உயர்வாக இருப்பதில் அரசுகளுக்கு நன்மை இருந்தது. அந்நன்மையின் சுமை வேலைக்கூடாரத்து உழைப்பாளியின் தோளில் விழுந்தது.

1997இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இவ்விகிதங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. குறைந்த வருவாய் நாடுகளுக்கு நிமிடத்துக்கு 23 சென்ட். 2002 ஏப்ரல் 1ஆம் நாள் வெளிநாட்டு அழைப்பில் விதேஷ் சஞ்சார் நிகாமின் தனியுரிமை முடிவுக்கு வந்தது. அதே நாளில் அதுவரை தடைசெய்யப்பட்டிருந்த இணையத் தொலைபேசியும் வரம்புகளுடன் சட்டபூர்வமானது. கணினியிலிருந்து கணினிக்கும், இந்தியக் கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாகாது. அதே ஆண்டில் சென்னையையும் சிங்கப்பூரையும் புதிய ஒளியிழை வடம் இணைத்தது. விலை சரிந்ததில் ஒளியிழைக்குப் பங்குண்டு. அந்த ஒளியிழையைத் திறந்துவிட்ட கொள்கை முடிவுகளுக்கு அதனினும் பெரிய பங்குண்டு.

இந்த இடைக்காலத்தின் அடையாளச்சின்னம் முன்கட்டண அழைப்பு அட்டை. நாணயத்தால் சுரண்டினால் வெளிப்படும் நீண்ட இரகசிய எண். அதை அழுத்திப் பின் ஊர் எண்ணை அழுத்த வேண்டும். ஸ்டீவன் வெர்ட்டோவெக் 2004இல் எழுதிய கட்டுரை, மலிவான அழைப்புகளே புலம்பெயர் வாழ்வைப் பிணைக்கும் சமூகப் பசை என்று வாதிட்டது. வாதம் வலுவானது, ஆயினும் அந்தப் பசைக்கும் சிறு எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், நிமிடங்களை மேல்நோக்கி முழுமையாக்குதல் என்று அட்டையின் மதிப்பு கரைந்தது. விளம்பரப்படுத்திய நிமிடங்களை அட்டைகள் தரவில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008இல் சில நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர் பெரும்பாலும் அந்நாட்டு மொழியில் முறையிட இயலாத குடியேறிகள்.

பணமில்லாதவர்கள் தமக்கென ஒரு குறியீட்டு மொழியையும் படைத்தனர். ஒரு மணி ஒலித்து நின்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரு முறை ஒலித்தால் நீ கூப்பிடு. சொல்லே இல்லாத இவ்வழைப்புக்கு இந்திய ஆங்கிலம் 'மிஸ்டு கால்' என்று பெயரிட, அதைத் தமிழ் 'மிஸ்டு கால் கொடு' என்று வினையாக்கிக்கொண்டது. 'தவறிய அழைப்பு' என்னும் மொழிபெயர்ப்பு இங்குப் பொருந்தாது. அது தவறவில்லை, தவறவிடப்படுவதற்காகவே அனுப்பப்பட்டது. 'கொடு' என்னும் வினை அந்த நோக்கத்தைத் துல்லியமாகப் பிடித்துள்ளது.

இணைய அழைப்பு வந்தபின் எல்லாம் இலவசமாயிற்று என்று முடித்துவிட முடியாது. 2017 செப்டம்பரில் சவூதி அரேபியா இணைய அழைப்புத் தடையை நீக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு முடக்கப்பட்டே இருந்தது. 2018இல் அனுமதிக்கப்பட்ட செயலிகளைப் பயன்படுத்தக் கைப்பேசிக்கு மாதம் 50 திர்ஹாம் கட்டணம் விதிக்கப்பட்டது. இந்தியாவிலும் சுங்கம் முற்றிலும் மறையவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்துசேரும் ஒவ்வொரு வழக்கமான அழைப்பு நிமிடத்துக்கும் விதிக்கப்படும் முடிவிடக் கட்டணம் 2018 பிப்ரவரியில் 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைக்கப்பட்டது. உள்நாட்டு அழைப்புக்கான கட்டணம் அப்போது 6 பைசா. நகரத்து வாடகை அறைகளில் பிடிபடும் திருட்டு 'சிம் பாக்ஸ்' இணைப்பகங்கள் இத்தகைய வேறுபாட்டிலேயே வாழ்கின்றன. அயல்நாட்டு அழைப்பு உள்ளூர் எண்ணின் வேடத்தில் வந்து சேர்வதன் பொருளியல் இதுவே.

குரல் மலிந்த பின்னர் எண் அருமையாயிற்று. வங்கிக் கணக்கும் அரசுச் சேவைகளும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்காக இந்தியக் கைப்பேசி எண்ணையே நாடுகின்றன. முன்கட்டண எண் 90 நாள் பயன்படுத்தப்படாவிட்டால் துண்டிக்கப்படலாம். 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைத் தக்கவைக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் விதி வகுத்தது. வெளிநாடு வாழ்வோர் ஊர் எண்ணை உயிரோடு வைத்திருப்பது இன்று பேசுவதற்காக அன்று. தாம் தாமே என்று மெய்ப்பிப்பதற்காக. 2023 தொடக்கத்தில் பத்து நாடுகளின் கைப்பேசி எண்களோடு யு.பி.ஐ. பயன்படுத்த வழி திறக்கப்பட்டது இந்நெருக்கடியை ஓரளவு ஏற்றுக்கொண்டதன் விளைவு. பக்கத்து வீட்டு எண்ணில் வாழ்ந்த 'பி.பி.' தலைமுறைக்கு எண் வெறும் வழி. இன்றைய தலைமுறைக்கு எண்ணே ஆள்.

வரலாற்று மாணவர்களுக்கு இங்கு ஓர் அவசரப் பணி உள்ளது. கடிதங்கள் பெட்டிகளில் எஞ்சுகின்றன. காலனிய ஆவணக்காப்பகங்கள் தந்திகளையும் காத்துள்ளன. தொலைபேசிப் பேச்சோ பேசிய கணத்திலேயே அழிந்தது. அதற்குச் சான்றாக எஞ்சியிருப்பவை அச்சு மங்கும் கூண்டுச் சீட்டுகள், சுரண்டப்பட்ட அட்டைகள், காந்தப்பூச்சு உதிரும் ஒலிநாடாக்கள், எண்கள் எழுதிய நாட்காட்டித் தாள்கள் ஆகியவையே. இவற்றை நூலகங்கள் சேகரிப்பதில்லை. வீடுகள் பழைய பொருளென எறிகின்றன. பக்கத்து வீட்டுக்கு ஓடிச்சென்று மூன்று நிமிடம் பேசிய பெண்களிற் பலர் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அந்த மூன்று நிமிடத்தில் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லாமல் திரும்பினார்கள் என்பதை அவர்களிடம் கேட்டுப் பதிவதற்கு எஞ்சியிருக்கும் காலமும் மிகக் குறைவு.