வெள்ளித்திரையில் இரு தராசுகள்

தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழருள் ‘மதராசி’ என்னும் சொல்லைக் கேளாதவர் அரியர். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தாரைச் சுட்டிய அச்சொல், தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஆகிய நால்வரையும் ஒரே கூட்டத்தாராக்கிற்று. மாகாணம் மொழிவழியே பிரிந்தது. 1969ஆம் ஆண்டு சனவரியில் நம் மாநிலமும் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. அதன் பின்னரும் அச்சொல் மறையவில்லை. அதற்கு நீண்ட ஆயுள் தந்தவற்றுள் இந்தித் திரைப்படமும் ஒன்று என்பது நம் கருத்து. அத்திரைப்படமோ தென்னாட்டுப் பெண்ணை ஒரு தராசிலும் தென்னாட்டு ஆணை வேறொரு தராசிலும் நிறுத்தது. அந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

முதலில் பெண்ணை நிறுத்த தராசு. 1949இல் ஏவி.எம். நிறுவனத்தின் ‘வாழ்க்கை’ படத்தில் அறிமுகமான வைஜயந்திமாலா, 1951இல் அதன் இந்தி வடிவமான ‘பஹா’ரில் தோன்றினார், 1954இல் ‘நாகின்’ அவரை நாடறியச் செய்தது. செங்கற்பட்டிற் பிறந்த வஹீதா ரஹ்மான் 1956இல் ‘சி.ஐ.டி.’ வழியாக இந்தித் திரைக்கு வந்தார். திருவனந்தபுரத்துப் பத்மினி 1960இல் ராஜ் கபூருக்கு இணையாக நடித்தார். 1968இல் ‘சப்னோ(ங்) கா சௌதாகர்’ படத்தின் வாயிலாக ஹேமமாலினி ‘கனவுக் கன்னி’ என்று விளம்பரப்படுத்தப்பட்டார். பரதநாட்டியமும் தென்னாட்டு அழகும் வடநாட்டு அரங்குகளில் கைதட்டலைப் பெற்ற காலம் அது.

அதே 1968ஆம் ஆண்டில்தான் ‘படோசன்’ வெளியாயிற்று. அதில் மெஹ்மூத் ஏற்ற வேடம் ‘மாஸ்டர் பிள்ளை’ என்னும் தென்னாட்டு இசையாசிரியர். குடுமி, வேட்டி, நெற்றிக் குறி, சிதைந்த இந்தி ஆகிய யாவும் நகைப்புக்கென்றே அமைந்தவை. மெஹ்மூத் அரிய நகைச்சுவைக் கலைஞர் என்பதில் ஐயமில்லை. அப்படத்தைக் கண்டு நாமும் வாய்விட்டுச் சிரித்தவர்களே. ஆயினும் கதையின் அமைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதில் உண்மையாகவே இசை கற்றவர் பிள்ளை ஒருவரே. கதைத்தலைவனுக்கோ பாடத் தெரியாது. மறைந்து நிற்கும் நண்பன் பாட, இவன் வாயசைக்கிறான். புகழ்பெற்ற அந்தப் பாட்டுப் போட்டியில் கற்றவர் தோற்கிறார், வாயசைத்தவன் வெல்கிறான். அரங்கம் அதனை நீதியென ஏற்று மகிழ்கிறது. 1952இல் வங்காளத்தில் படமான அக்கதை, 1960இல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்று தமிழிலும் வந்து நம்மைச் சிரிக்கவைத்த கதைதான்.

அக்காலப் பம்பாயில் இச்சிரிப்பு வெறும் சிரிப்பாக மட்டும் இருக்கவில்லை. 1966இல் தோன்றிய சிவசேனை, அலுவலகப் பணிகளில் தென்னிந்தியர் மிகுந்திருப்பதை எதிர்த்துத் தன் தொடக்ககாலக் கிளர்ச்சிகளை நடத்திற்று. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுப் பிழைப்புத் தேடிச் சென்ற நம்மவர் தெருவில் வெறுப்பையும் திரையில் ஏளனத்தையும் ஒருங்கே கண்டனர். திரைப்படமே வெறுப்பை விளைவித்தது என்று நாம் கூறவில்லை. ஏளனத்திற்குப் பழகிய கண்ணுக்கு வெறுப்பு கொடிதாகத் தோன்றாது என்பதையே கூறுகிறோம்.

பெண்ணுக்குப் புகழும் ஆணுக்கு நகைப்பும் வாய்த்தது ஏன்? திரையில் பெண் பெரும்பாலும் தன் ஊரையும் மொழியையும் வாயிலிலேயே விட்டு, வடநாட்டுப் பெயரோடு உள்ளே நுழைந்தாள். பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டின் வழக்கங்களை ஏற்கும் மருமகளைப் போன்றவள் அவள். ஆணோ பெண் கேட்டு வருபவன், போட்டியாளன். ஆகவே அவனைக் கோமாளியாக்கி அனுப்பினர். பெண் பெற்ற புகழுக்கும் விலை இருந்தது. சிவகாசிப் பக்கத்தில் பிறந்த ஸ்ரீதேவி 1979இல் இந்தியில் கதாநாயகியானார்; ஆனால் அவருடைய சொந்தக் குரல் 1989இல் வந்த ‘சாந்தினி’ வரை அங்கு ஒலிக்கவில்லை. 1981இல் கே. பாலசந்தர் ‘ஏக் தூஜே கே லியே’ படத்தில் தமிழ் இளைஞனைக் காதலனாக்கிக் காட்டினார். கமல்ஹாசனை வடநாடு கொண்டாடியது. அப்படத்திலும் காதலர் இருவரும் மாண்டே போகின்றனர். 2013இல் வந்த ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ படத்திலும் தமிழ்ப்பெண் காதலி. தமிழ் ஆண்களோ அரிவாள் ஏந்திய முரடர்கள்.

இவ்வளவும் கூறிவிட்டு நம் வீட்டுத் தராசை நோக்காதிருத்தல் நேர்மையாகாது. தமிழ்த்திரையின் ‘சேட்டு’ யார்? கொச்சைத் தமிழ் பேசி வட்டிக்கு விடும் அவர், மாஸ்டர் பிள்ளையின் உடன்பிறப்பே அல்லரோ? நிறத்தைப் பொறுத்தவரை நம் தராசு இன்னும் கோணலானது. கறுத்த ஆணை நாம் வீரனென்று கொண்டாடினோம். அவனுக்கு இணையாகச் சிவந்த பெண்ணை வடக்கிலிருந்து வரவழைத்து, இரவல் குரலில் தமிழ் பேசவைத்தோம்.

2007இல் வந்த ‘சிவாஜி’ இதற்குத் தக்க சான்று. பண்பாடு மிக்க தமிழ்ப் பெண்ணைத் தேடும் கதைத்தலைவன் கண்டெடுக்கும் மங்கையின் பெயர் தமிழ்ச்செல்வி. அவ்வேடம் ஏற்றவர் வடநாட்டு நடிகை ஷ்ரியா. குரல் கொடுத்தவர் வேறொருவர். அதே படத்தில் கரியவராகக் காட்டி எள்ளப்பட்ட சகோதரியர் இருவர்க்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரிவள்ளலின் மகளிர்க்கு மரபு வழங்கிய பெயர்கள் அவை; தந்தையை இழந்த துயரைப் புறநானூற்றில் பாடியவர்கள் அம்மகளிர். சங்கப் புலவர் ‘மாமை’ என்று போற்றியது மாந்தளிர் போன்ற கருமை கலந்த மேனியை அன்றோ? பிரிவுத் துயரால் அந்நிறம் மாறிப் பசலை படர்வதைக் கண்டே தலைவி வருந்தினாள். அத்தகைய மரபினர், பாரிமகளிரின் பெயராலேயே கரிய பெண்ணை நகையாடினர். இதனினும் பெரிய மறதி வேறுண்டோ?

‘மதராசி’ என்று பிறர் நகைக்கும்போது நம் முகம் சுருங்குகிறது. அதே நாம் மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று எழுதத் தயங்குவதில்லை. பள்ளியில் தன் பேச்சுக்காகக் கேலிக்கு ஆளாகும் மகனுக்கு ஆறுதல் கூறுகிறோம். திரைப்படம் பார்த்து வந்து கண்ணாடிமுன் வாடி நிற்கும் மகளுக்கு என்ன கூறப்போகிறோம்? பிறர் தராசைத் திருத்துதல் நம் கையில் இல்லை. நம் இல்லத்துத் தராசை நேர்ப்படுத்தக் காலம் கருத வேண்டியதில்லை. அங்கவை, சங்கவை யாவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு இன்றிரவே சொல்லித் தருவோம்.