கேமரா கைப்பேசி: படத்தின் தரத்தை வென்ற வேகம்

ஜப்பானின் ஜே-ஃபோன் நிறுவனம், ஷார்ப் தயாரித்த ஜே-எஸ்ஹெச்04 என்ற கேமரா கைப்பேசியை 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அதன் கேமராவின் திறன் சுமார் 1.1 லட்சம் படப்புள்ளிகள் மட்டுமே. எனினும், எடுத்த படத்தை உடனுக்குடன் மின்னஞ்சலில் அனுப்ப முடிந்ததே அதன் சிறப்பு.

இதையடுத்து, இருக்கும் இடத்திலிருந்தே படங்களையும் குறிப்புகளையும் இணையத்தில் பதிவிடும் வழக்கம் பரவியது. 'மொபைல்', 'பிளாக்' ஆகிய சொற்களை இணைத்து இது 'மோப்ளாக்' என்று அழைக்கப்பட்டது. இதற்கான சர்வதேச மாநாடு 2003-ஆம் ஆண்டு ஜூலையில் டோக்கியோவில் நடைபெற்றது.

லண்டனில் 2005-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி சுரங்க ரயில்களிலும் பேருந்திலும் நிகழ்ந்த தற்கொலைத் தாக்குதல்களில் 52 பேர் கொல்லப்பட்டனர். செய்தியாளர்கள் செல்ல இயலாத சுரங்கப்பாதைகளில் நிகழ்ந்ததை, உயிர் தப்பிய பயணிகள் கைப்பேசியில் எடுத்த தெளிவற்ற படங்களே உலகுக்குக் காட்டின.