எலுமிச்சம்பழமும் தலைக்கவசமும்



புது பைக் எடுத்தால் முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதையும், ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம் வைப்பதையும் இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹேண்டில்பாரில் கறுப்புக் கயிறு கட்டுவதும், நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் முகம் சுளிப்பதும் நீங்கள் அறிந்ததே.

இந்த நம்பிக்கை பைக்கைவிடப் பழையது. ஊர் எல்லையில் மண்குதிரைகளோடு காவல் நிற்கும் அய்யனாரிடம் நம் முன்னோர் வழித்துணை கேட்டார்கள். ஆயுத பூஜையில் ஏருக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்தார்கள். 1950-களில் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பு தொடங்கியது. மோட்டார் சைக்கிள்கள் பெருகப் பெருக, அந்தப் பொட்டு அவற்றுக்கும் வந்தது.

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் ஒரு புல்லட்டுக்கே கோயில் உண்டு. 1988-இல் விபத்தில் இறந்த ஓம் பன்னா ஓட்டிய வண்டி அது. அவ்வழியே போகிறவர்கள் நின்று கும்பிடுகிறார்கள்.

அதே 1988-இல் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு தலைக்கவசம் அணியச் சொல்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் அது பின்னால் உட்காருபவருக்கும் கண்டிப்பாக்கப்பட்டது.

நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் ஒருவர் கண்திருஷ்டி கழிய நடுரோட்டில் உடைக்கும் பூசணிக்காய், அடுத்து வரும் பைக்கை வழுக்கி விழ வைக்கும். வரும் ஆயுத பூஜைக்கு அதை ஓரமாக உடைத்து, உடனே கூட்டி அள்ளிவிடுங்கள். கயிறு கட்டிய கையாலேயே தலைக்கவசத்தின் வாரையும் மாட்டுங்கள்.