உண்டியலிலிருந்து ஒப்பந்தத்துக்கு

1877 ஆகஸ்ட் 4 அன்று சென்னையில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. தாது வருஷத்தில் தொடங்கிய பஞ்சம் இரண்டாம் ஆண்டாக மாகாணத்தை வதைத்துக்கொண்டிருந்தது. பின்னாளில் ஒரு கால்வாய்க்குப் பெயர் கொடுத்த ஆளுநர் பக்கிங்காம் பிரபுதான் தலைமை. இங்கிலாந்து மக்களிடமே நேரடியாக உதவி கேட்பது என்று கூட்டம் தீர்மானித்தது. லண்டன் மேயருக்கும் மற்ற பெருநகர மேயர்களுக்கும் தந்திகள் பறந்தன. வைசிராய் லிட்டனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் தந்தி போய்விட்டது. லண்டன் மேயரின் மாளிகையான மேன்ஷன் ஹவுஸில் நிதி தொடங்கப்பட்டு, சில மாதங்களில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

அந்தப் பணத்துக்கு இந்தப் பக்கம் பொறுப்பேற்ற குழுவின் கௌரவச் செயலாளர் வில்லியம் டிக்பி. கொழும்பில் ‘சிலோன் அப்சர்வர்’ பத்திரிகையில் பணியாற்றிவிட்டு, ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராகச் சென்னைக்கு வந்தவர். பஞ்சத்தின் கோரத்தைப் படிக்கிறவன் மனதில் பதியும்படி எழுதத் தெரிந்தவர். வந்த பணத்துக்குக் கணக்குச் சொல்லவும் தெரிந்தவர். அரசின் நிவாரணம் உயிரைப் பிடித்துவைக்கும் கூலியோடு நின்றபோது, இந்த நிதி விதை நெல்லுக்கும் உழவு மாட்டுக்கும் கூரை வேயவும் போனது. நடந்தது அத்தனையையும் டிக்பி 1878இல் இரண்டு பாகங்கள் கொண்ட நூலாக வெளியிட்டார்.

மழை பெய்தது, பஞ்சம் தணிந்தது, குழு கலைந்தது. அடுத்த பஞ்சம் வந்தபோது மீண்டும் கூட்டம், மீண்டும் தந்தி, மீண்டும் புதுக் குழு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிவாரணம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. கொடுத்தவர்களின் முகவரிகள் எந்த அலுவலகத்திலும் தங்கவில்லை. எப்படிக் கேட்டால் பணம் வரும் என்ற அனுபவமும் யாரிடமும் தங்கவில்லை. பணம் கேட்பதையே நிரந்தர வேலையாகச் செய்யும் நிவாரண நிறுவனங்கள் பெருக முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது.

1919 வசந்தத்தில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி துண்டறிக்கை கொடுத்தார். ஒன்றில் ஒட்டி உலர்ந்த ஆஸ்திரியக் குழந்தையின் படம். போர் நின்ற பின்னும் நேச நாடுகள் விலக்காத கடல் முற்றுகையால் எதிரி நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்பது செய்தி. தணிக்கை அதிகாரியிடம் காட்டாமல் அச்சிட்டதற்காக வழக்கு. மே மாதம், அதே மேன்ஷன் ஹவுஸில் நடந்த நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் விதித்தது. தீர்ப்புக்குப் பின் அரசு வழக்கறிஞரே 5 பவுண்டை ஜெப் கையில் கொடுத்தார். ஜெப் தொடங்கிய ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்புக்கு வந்த முதல் நன்கொடையாக இன்றுவரை சொல்லப்படுவது அதுதான்.

அடுத்து ஜெப் செய்தவைதான் நிதி திரட்டும் தொழிலின் முதல் பாடங்கள். அவர் விளம்பரத் துறையின் உத்திகளைக் கூச்சமின்றிக் கையாண்டார். நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். பட்டினிக் குழந்தைக்குச் சேரவேண்டிய காசைப் பத்திரிகைக்காரனுக்குக் கொடுப்பதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. போட்டதைவிடப் பல மடங்கு திரும்பி வருகிறது என்பதே அவர் தரப்பின் பதில். ரோமுக்கே போய்ப் போப் பதினைந்தாம் பெனடிக்டைச் சந்தித்தார். 1919 டிசம்பரில் உலகெங்கும் கத்தோலிக்கத் தேவாலயங்களில் மத்திய ஐரோப்பியக் குழந்தைகளுக்காகக் காணிக்கை எடுக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவதற்குப் பதில் ஒரு பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டுவது என்ற வழி அங்கே திறந்தது. 1921இல் ரஷ்யாவில் பஞ்சம் வந்ததும் சரடோவ் பகுதிக்குப் படப்பிடிப்பாளரை அனுப்பிப் படமெடுத்து வந்து பிரிட்டனில் திரையிட்டார்கள். ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ ரஷ்ய நிவாரணத்தையே எதிர்த்து எழுதிய காலம் அது. படம் அதற்குப் பதில் சொன்னது. உச்சத்தில் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு அங்கே உணவு போனது.

அதே ரஷ்யப் பஞ்சத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் 2 கோடி டாலர் ஒதுக்கியது. ஹெர்பர்ட் ஹூவரின் நிவாரண அமைப்பு 1922 கோடையில் தினமும் ஒரு கோடிப் பேருக்கு மேல் சோறு போட்டது. உண்டியலுக்கும் கஜானாவுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் கஜானாவை நம்பி நிற்பதா என்ற கேள்வி ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் முற்றியது.

ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் மேரி தேவாலயத்தில் 1942 அக்டோபர் 5 அன்று ஒரு சிறு குழு கூடியது. நாஜி ஆக்கிரமிப்புக்கும் பிரிட்டிஷ் முற்றுகைக்கும் நடுவே பட்டினியால் செத்துக்கொண்டிருந்த கிரேக்கர்களுக்கு உணவு அனுப்ப வழி தேடியது. பேராசிரியர்களும் பாதிரியார்களும் நிறைந்த அந்தக் குழுவில் சீக்கிரமே ஒரு வியாபாரி வந்து சேர்ந்தார்: செசில் ஜாக்ஸன்-கோல். தர்ம நிறுவனத்தையும் வியாபார ஒழுங்கோடு நடத்த வேண்டும் என்று அவர் வாதாடினார். விளம்பரத்துக்குச் செலவிட வேண்டும், நிதி திரட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், எந்த முயற்சி எவ்வளவு ஈட்டியது என்று எழுதிவைக்க வேண்டும் என்றார். அந்தச் சம்பளத்தை யார் தருவது? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. 1946இல் ஆண்ட்ரூஸ் என்ற வீடு-மனைத் தரகு நிறுவனத்தை இந்த நோக்கத்தோடே தொடங்கினார். தொண்டு வேலைக்கு ஆட்களை விடுவிக்கும் லாபம் அங்கிருந்து வந்தது.

குழுவுக்கு வந்து குவிந்த பழைய துணிமணிகளும் பாத்திரங்களும் ஒரு கடையாயின. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பிராட் தெரு 17ஆம் எண்ணில் திறந்த அந்தக் கடைக்கு, அடுத்த ஆண்டு ஜோ மிட்டி வந்தார். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் ஊழியர் அவரே. ஹெரால்டு சம்ப்ஷன் என்ற விளம்பரக்காரர் பகட்டில்லாத சின்னஞ்சிறு விளம்பரங்களைப் பத்திரிகைகளில் போட்டு, எந்த வாசகம் எந்தப் பத்திரிகையில் எவ்வளவு பணம் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்த்தார். கை கொடுத்தது நீடித்தது, மற்றது கைவிடப்பட்டது. அந்தக் குழுதான் பின்னர் ஆக்ஸ்ஃபாம். 1951 பீகார் பஞ்சத்தின்போது ஐரோப்பாவைத் தாண்டி இந்தியப் பக்கம் திரும்ப அதற்குத் தெம்பு கொடுத்தவை இந்த விளம்பரங்களும் கடையும்தான். ஜாக்ஸன்-கோல் அத்தோடு நிற்கவில்லை. 1972இல் இந்தியாவிலும் கென்யாவிலும் இருந்த 88 குழந்தைகளுக்கு 88 ஆதரவாளர்களைச் சேர்த்துத் தொடங்கிய அமைப்பே இன்றைய ஆக்ஷன்எய்ட். மாதாமாதம் வரும் தொகை என்பதால் நிறுவனம் அடுத்த ஆண்டைத் திட்டமிட முடிந்தது.

அமெரிக்கப் பாதை வேறு. 22 அமைப்புகள் சேர்ந்து 1945இல் உருவாக்கிய கேர், ஆரம்பத்தில் 10 டாலர் கொடுத்தால் ஐரோப்பாவில் ஒரு குடும்பத்துக்கு உணவுப் பெட்டி அனுப்பியது. 1954இல் பி.எல்.480 சட்டம் வந்தது. அமெரிக்க விவசாயிகளிடம் மிஞ்சிய கோதுமையும் பாலும் கிடங்கில் வீணாகாமல் வெளிநாடு போக வேண்டும். அதைக் கொண்டுசேர்க்கக் கேர் போன்ற அமைப்புகளுக்கு வாய்ப்பு. தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் உதவி வந்தது. அமெரிக்கப் பால் பவுடரின் வாசனை அந்தத் தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவில் இருக்கிறது. ஆனால் அரசின் தானியத்தோடு அரசின் நோக்கமும் வந்தது. தென் வியட்நாமில் அரசுத் துணைப்படையினருக்கு நிவாரண உணவு போனது 1967இல் வெளியே தெரிந்து, அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு பெரும் சர்ச்சையில் சிக்கியது.

பொதுமக்கள் பக்கம் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. ஒரே பேரழிவுக்கு ஐந்து நிறுவனங்கள் தனித்தனியாகக் கையேந்தினால் கொடுப்பவர் குழம்புவார் என்று, 1963இல் பிரிட்டனின் ஐந்து அமைப்புகள் பேரழிவு அவசரக் குழு என்ற கூட்டு ஏற்பாட்டை உருவாக்கின. ஒளிபரப்பாளர்கள் நேரம் கொடுத்தார்கள். பேரழிவு பெரிதாக இருந்தால் பணமும் பெருகியது. ஆனால் எந்த ஆண்டு பேரழிவு வரும், எது திரையில் தெரியும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆண்டு முழுதும் ஊழியரையும் கிடங்கையும் வைத்திருக்க வேண்டிய நிறுவனங்கள் அரசுகளின் மானியத்தை நோக்கி நகர்ந்தன. பிரிட்டன் 1975இலும் ஐரோப்பியச் சமூகம் 1976இலும் தொண்டு நிறுவனங்களோடு செலவைப் பகிரும் திட்டங்களைத் தொடங்கின. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் 46/182 தீர்மானம், நெருக்கடிக்கு ஒரே கூட்டு வேண்டுகோள் என்ற முறையைக் கொண்டுவந்தது. 1992இல் ஐரோப்பியச் சமூகத்தின் மனிதாபிமான உதவி அலுவலகமான எக்கோ திறந்தது. அடுத்த ஆண்டே நிவாரண நிறுவனங்களோடு அது சட்டக ஒப்பந்தம் போட்டது.

நிவாரண அலுவலகங்களுக்குள் புதிய மனிதர்கள் நுழைந்தது அப்போதுதான். பொதுமக்களிடம் கேட்க ஒரு படமும் நான்கு வரிகளும் போதும். அரசிடம் கேட்க ‘ப்ரொபோசல்’ வேண்டும். யாருக்கு என்ன தேவை என்ற கள மதிப்பீடு, வரிவரியாக வரவு செலவுத் திட்டம், தணிக்கைக்கு நிற்கும் ரசீதுகள், குறித்த தேதியில் அறிக்கை என்று எல்லாம் வேண்டும். அமெரிக்க உதவி முகமையான யுஎஸ்எய்டுக்காக லியோன் ரோசன்பர்க் 1969இல் வடிவமைத்த ‘லாக் ஃப்ரேம்’ என்ற திட்ட அட்டவணை மெல்ல மற்ற அரசுகளுக்கும் பரவியது. நான்கு வரிசை, நான்கு பத்தி. இலக்கு, நோக்கம், விளைபொருள், உள்ளீடு ஆகியவை ஒரு பக்கம். அவை நடந்தனவா என்பதற்கான அளவுகோலும் சான்றும் நிபந்தனையும் மறுபக்கம். எண்ண முடியாததைக்கூட எண்ணிக் காட்டச் சொல்கிறது என்று களப்பணியாளர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்தப் பதினாறு கட்டங்களை நிரப்பத் தெரிந்தவர் இருந்த அலுவலகத்துக்குத்தான் பணம் வந்தது.

வளரும் நாடுகளின் பக்கம் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஒரு கணக்கர். ஷெல் நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருந்த ஃபஸ்லே ஹசன் ஆபெத், தன் லண்டன் வீட்டை விற்ற பணத்தோடு 1972இல் வங்கதேசத்தின் சுல்லா பகுதியில் பிராக் அமைப்பைத் தொடங்கினார். தொடக்ககால மானியத்தில் பெரும்பங்கு ஆக்ஸ்ஃபாமுடையது. கொடுப்பவர் கேட்கும் முன்பே கணக்கும் ஆய்வும் தயாராக இருந்தன. அதோடு நிற்காமல் அச்சகம் வைத்தார். 1978இல் கைவினைப் பொருள்களுக்கு ‘ஆரோங்’ கடை திறந்தார். பிற்காலத்தில் வங்கதேசத்தில் செய்த செலவின் பெரும்பகுதியைப் பிராக் தானே ஈட்டியது. நன்கொடையாளரோடு பேரம் பேசும் பலம் அங்கிருந்து வந்தது.

அந்தப் பலம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பார்த்தது. பிரிட்டனின் கூட்டு வேண்டுகோளுக்கு மட்டும் 39.2 கோடி பவுண்டு வந்தது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம் என்று சுமார் ஒரு வாரத்தில் அறிவித்தது. பெரும்பாலான நிறுவனங்களுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. பல நாடுகளின் கூட்டு மதிப்பீடு பின்னர் கணக்குப் போட்டபோது, சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர், அதே 2004இல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர் என்று வந்தது. நாகையில் குவிந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்த, மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமான ஸ்நேகாவும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எந்தக் குப்பத்துக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று சொல்ல உள்ளூர்க்காரர்களே தேவைப்பட்டார்கள்.

இந்தப் பாடத்தை உலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2016 மே மாதம், இஸ்தான்புல் மாநாட்டில். 2020க்குள் நிவாரணப் பணத்தில் 25 சதவீதம் இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போக வேண்டும் என்றது ‘கிராண்ட் பார்கெய்ன்’ உடன்பாடு. ஆண்டு 2020 வந்தது. நேரடியாகப் போனது அதில் சிறு துளிதான். பெரிய நிறுவனத்துக்கு ஐ.நா.வோ எக்கோவோ நிர்வாகச் செலவுக்கென்று 7 சதவீதம் அளவில் சேர்த்துத் தருகிறது. அதன் கீழ் வேலை செய்யும் சிறு அமைப்புக்கு அந்தப் பங்கு பல சமயம் வந்து சேர்வதில்லை. இந்தியாவில் 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னொரு முடிச்சுப் போட்டது. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஒரே ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தரக் கூடாது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பின் வழியாக வெளிநாட்டுப் பணம் பெற்ற கிராமத்து அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்டின் தனிச் செயல்பாடே முடிந்தது. ஒரே கஜானாவைச் சார்ந்திருந்த நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு செய்தன. பல வாசல்களில் கேட்கக் கற்றவை குறைந்த சேதத்தோடு நிற்கின்றன. பட்டினிக் காசு விளம்பரத்துக்கா என்று ஜெப்பைக் கேட்டவர்கள் அன்று தவறான கேள்வியைக் கேட்டார்கள். அதே கேள்விதான் இன்று நிர்வாகச் செலவின் சதவீதமாக உலவுகிறது. நிவாரணத்துக்கு நன்கொடை கொடுக்கும் வாசகர், அடுத்த முறை அரிசி மூட்டையோடு அந்தச் சிறிய அமைப்பின் கணக்கருக்கும் அறிக்கை எழுதுபவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.