லைப்சிக் சுவடியும் ஆம்பூர்த் திருச்சபையும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றுப் படுகையை ஒட்டி அமைந்த தோல் பதனிடும் ஊர்களில் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இந்துக்களும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வருவதால், ஒருவர் வேதத்தைப் பற்றி மற்றவர் கேள்வி எழுப்புவது அங்கே புதிய வழக்கமன்று. விவிலியத்தைக் குறித்து எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே: அதை எழுதியவர் யார், எழுதியது பிற்காலத்தில் மாற்றப்பட்டதா, ஒன்றுக்கொன்று வேறுபடும் தமிழ் மொழிபெயர்ப்புகளுள் எது நம்பத்தக்கது. இவற்றுள் இரண்டாவது கேள்வி இவ்வட்டாரத்தின் வரலாற்றோடு நேரடியாகப் பிணைந்தது; ஏனெனில் ஆம்பூரில் இன்றுள்ள லுத்தரன் திருச்சபை அந்தக் கேள்வியை ஒட்டி ஜெர்மனியில் எழுந்த ஒரு பூசலின் விளைவாகவே தோன்றியது.

விவிலியம் ஒரே காலத்தில் ஒருவர் எழுதிய நூலன்று. எபிரேய மொழியிலும், சில பகுதிகள் அரமேய மொழியிலும் பல நூற்றாண்டுகளாக உருவான பழைய ஏற்பாடும், கி.பி. முதல் நூற்றாண்டிலும் அதையொட்டிய காலத்திலும் கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாடும் சேர்ந்த தொகுப்பு அது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளபடியே பட்டியலிட்ட மிகப் பழைய ஆவணமாக அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய மடல் கருதப்படுகிறது. புரோட்டஸ்டண்டுகள் 66 நூல்களையும் கத்தோலிக்கர் 73 நூல்களையும் ஏற்பது, பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் இடம்பெற்ற சில நூல்களைச் சேர்ப்பதா விடுவதா என்ற கருத்து வேறுபாட்டினால் வந்தது. யாரோ எதையோ ஒளித்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை.

அந்நூல்கள் தப்பிப் பிழைத்ததற்குத் தோலே முதன்மையான காரணம் என்பதைத் தோல் தொழில் அறிந்த வாசகர் பிறரைவிட எளிதில் உணர முடியும். பழைய விவிலியச் சுவடிகளுள் ஒரு பகுதி கோரை வகைச் செடியிலிருந்து செய்த பாப்பிரசில் எழுதப்பட்டது. நெடுங்காலம் நிலைத்த பெருஞ்சுவடிகளோ ஆடு, கன்று ஆகியவற்றின் தோலில் எழுதப்பட்டவை. தோலை நீரில் ஊறவைப்பது, சுண்ணாம்புக் குழியில் இடுவது, மயிரை நீக்குவது, உட்புறச் சதையைச் சீவுவது என்னும் தொடக்க வேலைகள் ஆம்பூர் டேனரிக்கும் எழுதுதோல் செய்த பண்டைய பட்டறைக்கும் பொதுவானவை. அதன்பின் வழி பிரிகிறது: டேனரியில் தோல் ஆவாரம்பட்டைச் சாற்றிலும், பிற்காலத்தில் குரோம் உப்பிலும் பதனிடப்பட, எழுதுதோல் பதனிடப்படாமல் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு, பிறைக்கத்தியால் சுரண்டப்பட்டு, இறுக்கத்திலேயே உலர்த்தப்படுகிறது. ஈரம் பட்டால் அது சுருங்கிக் கெடும். வறண்ட பாலைநிலங்களில் அத்தகைய சுவடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்ததன் காரணமும் அதுவே. சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் 1947-இல் கிடைக்கத் தொடங்கிய சுருள்களுள், 17 தோல் துண்டுகளைத் தைத்து ஏறத்தாழ 7.3 மீட்டர் நீளத்தில் அமைத்த ஏசாயா சுருள், அதுவரை அறியப்பட்டிருந்த முழுமையான எபிரேய ஏசாயாப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. இரண்டையும் ஒப்பிட்டபோது எழுத்துக்கூட்டலிலும் சில சொற்களிலும் வேறுபாடுகள் மிகுதியாகத் தென்பட்டன. எனினும் நூல் அதே நூலாகவே இருந்தது.

எழுதுதோலின் மயிர்ப்புறம் சற்று மஞ்சளாகவும், மயிர்க்கால்களின் புள்ளிகளோடும், சதைப்புறம் வெளிறியும் வழவழப்பாகவும் இருக்கும். ஏட்டைத் திறக்கும்போது எதிரெதிராக அமையும் இரு பக்கங்களும் ஒரே வகையாக இருக்குமாறு, மயிர்ப்புறத்துக்கு எதிரே மயிர்ப்புறமும் சதைப்புறத்துக்கு எதிரே சதைப்புறமும் வரும்படி பண்டைக் கிரேக்கச் சுவடிகளைக் கோத்தனர் என்பதைக் காஸ்பர் ரெனே கிரெகரி என்னும் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தார். கோப்பு குலைந்த சுவடியில் ஏடு விடுபட்ட இடத்தை இதைக்கொண்டே கண்டுபிடிக்கலாம். தோலின் இரு புறங்களை விரல் நுனியாலேயே பிரித்தறியும் தொழிலாளிக்கு இதில் வியப்பு ஏதும் இராது.

கிரெகரி பேராசிரியராகப் பணியாற்றிய லைப்சிக் நகரில்தான் ஆம்பூரின் கதையும் தொடங்குகிறது. அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஷென்டோர்ஃப் 1844-இல் சீனாய் மலையடிவாரத்திலுள்ள புனித கத்தரீனா மடத்திலிருந்து 43 தோல் ஏடுகளைக் கொண்டுவந்தார்; 1859-இல் அதே சுவடியின் பெரும்பகுதியை மீண்டும் அங்கே கண்டார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சுவடி சினாய் சுவடி எனப் பெயர் பெற்றது. மாற்கு நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்களும், யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் அதில் இல்லை. அச்சில் வழங்கிவந்த கிரேக்க மூலமோ, எராஸ்மஸ் 1516-இல் தம் கைக்குக் கிடைத்த சில பிற்காலச் சுவடிகளைக்கொண்டு பதிப்பித்ததன் வழிவந்தது. எனவே எந்தப் பாடம் மூலத்துக்கு நெருக்கமானது, தெய்வ ஏவுதலால் எழுந்த நூலில் பிழை இருக்க முடியுமா என்ற வினாக்கள் ஜெர்மானியத் திருச்சபைகளைக் கலக்கின.

அக்கலக்கம் தமிழ்நாட்டில் பணிபுரிந்த லைப்சிக் மிஷனையும் எட்டியது. தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரு மிஷனரிகள், விவிலியம் முழுவதும் சொல்லுக்குச் சொல் ஏவப்பட்டது, பிழையற்றது என்ற கொள்கையில் தம் தலைமை தளர்ந்துவிட்டதாகக் கருதி 1893-இல் மிஷனைவிட்டு விலகினர். அமெரிக்காவில் அதே கொள்கையை உறுதியாகப் பற்றியிருந்த மிசூரி சினட் என்னும் லுத்தரன் திருச்சபை, அப்போது ஜப்பானில் பணி தொடங்கத் திட்டமிட்டிருந்தது. இவ்விருவரும் கிடைத்ததால் அத்திட்டத்தை மாற்றிக்கொண்டு 1894-இல் அவர்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணி அடுத்து ஆம்பூருக்குப் பரவியது. ஆம்பூரில் பெதஸ்தா மருத்துவமனையும் கன்கார்டியா பள்ளியும் அந்த மிஷனின் வழிவந்தவை. 1958-இல் அது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்றது. ஜெர்மானிய இறையியல் வகுப்பறைகளில் நடந்த வாதம் பாலாற்றங்கரையில் மருத்துவமனையாகவும் பள்ளியாகவும் முடிந்தது எவரும் திட்டமிட்டதன்று. பிழையின்மைக் கொள்கை சொல்வது மூல ஆசிரியர் கைப்பட எழுதிய படிகளைப் பற்றியே என்பதையும், அப்படிகளுள் ஒன்றுகூட இன்று இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நேதரும் மோனும் கையிலெடுத்துப் போதித்த தமிழ் நூலுக்கும் நீண்ட திருத்த வரலாறு இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. அவர் ரூத் நூல்வரை முடித்து 1719-இல் இறக்க, பெஞ்சமின் ஷுல்ட்சே பழைய ஏற்பாட்டை 1728-இல் நிறைவு செய்தார். சென்னை வேப்பேரியில் வாழ்ந்த ஃபப்ரிசியஸ் அதை அடியோடு திருத்தி, 1772-இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அவருடைய பழைய ஏற்பாடு அவர் மறைவுக்குப் பின் 1796-இல் முற்றுப்பெற்றது. லுத்தரன் சபைகள் நெடுங்காலம் அதையே விடாது ஓதின. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய 1850-ஆம் ஆண்டுப் பதிப்பு தமிழகச் சபைகளில் எடுபடவில்லை. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்த ஐக்கிய மொழிபெயர்ப்பே புரோட்டஸ்டண்டுகளிடையே பெருவழக்காக நிலைத்தது. 1853-இல் நிறுவப்பட்டு, ஸ்கடர் குடும்பத்தாரால் வேலூர் வட்டாரத்தில் வேரூன்றிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் வழிவந்த சபைகளிலும் இன்று கேட்பது பெரும்பாலும் அதுவே. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது.

இத்தகைய மொழிபெயர்ப்பு முயற்சிகளுக்கே வேலூர் ஒருமுறை தடையாக இருந்திருக்கக்கூடும். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குத் தோற்சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையும் மதமாற்ற அச்சமும் காரணங்களாகப் பேசப்பட்டபோது, தாமஸ் ட்வைனிங் என்பவர் 1807-இல் லண்டனில் வெளியிட்ட கடிதத்தில், மூன்றாண்டுகளுக்கு முன்னரே தோன்றியிருந்த பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் இந்தியத் திட்டங்களை ஆபத்தானவை எனத் தாக்கினார். கண்டனங்கள் பறந்தன, மொழிபெயர்ப்போ நிற்கவில்லை.

வேதம் திரிக்கப்பட்டது என்னும் முஸ்லிம் வாதத்தைக் கிறித்தவப் போதகர்கள் வெறும் பகையாகத் தள்ளிவிட்டது சரியன்று. 1854-இல் ஆக்ராவில் இஸ்லாமிய அறிஞர் ரஹ்மத்துல்லா கைரானவியோடு வாதிட்ட மிஷனரி ஃபாண்டர், சுவடிகளில் பாடபேதங்கள் உண்டு என அவையிலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கைரானவி ஐரோப்பிய ஆய்வு நூல்களையே சான்றாகக் காட்டியிருந்தார். ஆனால் பாடபேதம் வேறு, திட்டமிட்ட திரிப்பு வேறு. உ.வே. சாமிநாதையர் பல ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்ததை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கச் சுவடிகள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையே பேதங்களைப் பெருக்குகிறது, அதே எண்ணிக்கையே எது பிற்சேர்க்கை என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. முதலாம் யோவான் மடலின் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைச் சொல்லும் அப்பகுதி பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லை. லத்தீன் மரபிலிருந்து கிரேக்க அச்சுக்குள் நுழைந்தது. ஐக்கிய மொழிபெயர்ப்பில் அது இடம்பெறுகிறது, திருவிவிலியத்தின் உடற்பகுதியில் இல்லை. திரித்துவத்தை நிறுவ அந்த வசனத்தைக் காட்டும் போதகரும், அதைக் காட்டியே முழு நூலையும் ஒதுக்கும் எதிர்வாதியும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

சினாய் சுவடியின் ஏடுகள் லைப்சிக், லண்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மடம் ஆகிய நான்கு இடங்களில் சிதறியுள்ளன. அவற்றின் நிழற்படங்கள் 2009 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாற்கு நற்செய்தி பதினாறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு முடிந்து, அதன்பின் பத்தியின் எஞ்சிய பகுதி வெறுமையாக விடப்பட்டிருப்பதை எவரும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.