ரூபாயின் வீழ்ச்சியும் பாமரர் உலையும்

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும், கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கொண்டு அடுப்பெரிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உள. நாணய மாற்று விகிதம் அவர்களுக்கு மாத முடிவில் அரிசியாகவும் வீட்டு வாடகையாகவும் மாறும் எண். அவ்வெண்ணை நிர்ணயிப்பவர் யார்? அது பிழைக்கும்போது சுமையைத் தாங்குபவர் யார்? இலங்கை ரூபாயின் வரலாறே இவ்வினாக்களுக்கு விடை பகரும்.

1884ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓரியன்டல் வங்கி முறிந்தது. இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்திருந்த காலம் அது. வங்கியின் நோட்டுக்களை வைத்திருந்தோர் கலங்கி நிற்க, ஆளுநர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்க உத்தரவாதம் அளித்தார். அதே ஆண்டிற் பிறந்த சட்டத்தின்படி நாணயச் சபை அமைந்தது. வெளியிடும் நோட்டுக்களுக்கு ஈடாக அது வெள்ளி ரூபாய்களையும் பிணைப் பத்திரங்களையும் வைத்திருந்தது. இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சமமதிப்பில் நின்றன. நாணயம் உறுதியாக நின்றது உண்மையே. ஆனால், உலகச் சந்தையில் தேயிலையும் றப்பரும் விலை வீழ்ந்தால் நாட்டிற் புழங்கும் பணமும் தானாகவே சுருங்கும். 1930களின் தொடக்கத்தில் வந்த பெருமந்தத்தில் தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. நாணயத்தின் உறுதிக்கு விலை கொடுத்தவன் தொழிலாளி.

சுதந்திரத்தின் பின், 1949ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, 1950 ஆகஸ்ட் 28இல் மத்திய வங்கி திறக்கப்பட்டது. அமெரிக்கரான ஜோன் எக்ஸ்டர் அதன் முதல் ஆளுநர். கொரிய யுத்தம் றப்பருக்குத் தந்த நல்விலை விரைவில் மறைந்தது. அந்நியச் செலாவணி கரைந்தது. ரூபாயின் மாற்று விகிதத்தை அரசு தொடவில்லை, அரிசியைத் தொட்டது. கொத்தொன்றுக்கு 25 சதமாயிருந்த பங்கீட்டரிசி 1953இல் 70 சதமாயிற்று. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

1967இல் ரூபாயின் மதிப்பு நூற்றுக்கு 20 குறைக்கப்பட்டது. மறு ஆண்டில் இரட்டை மாற்று விகித முறை வந்தது. 1977 நவம்பரில் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, டொலரின் விலை ஏறத்தாழ 16 ரூபாயாயிற்று. 1979இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் ரூபாய்த் தொகை அசையாது நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே சென்றது.

2021இல் வரலாறு வேறு வேடம் பூண்டது. மத்திய வங்கி ஒரு கையால் அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிட்டது. மறு கையால் டொலரை ஏறத்தாழ 200 ரூபாயிற் பிடித்துவைக்க முயன்றது. உண்டியற்காரரோ அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தனர். இலண்டனில் மகன் பவுணைக் கொடுப்பான். கொழும்பில் தாயின் கையில் ரூபாய் சேரும். அந்நியச் செலாவணியோ வங்கியை வந்தடையாது. உழைப்பின் பயனை முழுமையாகப் பெற விழைந்த குடும்பத்தைக் குற்றஞ் சொல்வது எங்ஙனம்? 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராயிருந்த வெளிநாட்டுப் பண வரவு 2022இல் 380 கோடியளவாகக் குறைந்தது.

2022 ஜனவரியில் கடன்பத்திரக்காரருக்கு 50 கோடி டொலர் தவறாது செலுத்தப்பட்டது. மார்ச்சில் பிடி தளர்ந்தது. மே மாதத்துள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரில் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. 2023இல் உள்நாட்டுக் கடன் சீரமைக்கப்பட்டபோது, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி குறைந்த வட்டியை ஏற்றது; வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளோ தொடப்படவில்லை.

அரசாங்கத்துக்காகப் பணம் அச்சிடுவதை 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுக்கிறது. அது நன்றே. ஆயினும், விகிதத்தைப் பிடித்துவைத்த காலத்திலும் அதை அவிழ்த்துவிட்ட காலத்திலும் உழைப்போனின் உலையே முதலிற் குளிர்ந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. சுமையைப் பங்கிடும் நீதி சட்டத்தால் மட்டும் வருவதன்று. ரூபாயைப் பற்றிய தீர்மானங்களை மக்கள் விளங்கிக் கேள்வி கேட்கும் நாளிலேயே அது பிறக்கும்.