கொள்கலன் செயலிகளில் அனுமதிப் பிழை

கொள்கலன் செயலிகளில் அனுமதிப் பிழை என்பது, சொந்த வழங்கியில் கொள்கலனுக்குள் இயங்கும் செயலி ஒன்று கோப்பையோ அடைவையோ படிக்க, எழுத, இயக்க முயலும்போது லினக்ஸ் கெர்னல் அதை மறுத்துவிடும் நிலையைக் குறிக்கும். கொள்கலன்களை இயக்கும் டாக்கர், போட்மேன் ஆகிய கருவிகளைப் பயன்படுத்துவோர் அடிக்கடி சந்திக்கும் சிக்கல்களுள் இதுவும் ஒன்று. பெரும்பாலும் செயலியில் பழுது எதுவும் இருப்பதில்லை. கோப்பின் உரிமையாளர் எண்ணும் செயலி இயங்கும் பயனர் எண்ணும் பொருந்தாமற் போவதே வழக்கமான காரணம்.

பின்னணி

கொள்கலன்களுக்கு முன்னோடியாக, ஒரு செயல்முறையைக் கோப்பு முறைமையின் ஒரு பகுதிக்குள் அடைத்து வைக்கும் சிஎச்ரூட் வசதி 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே இருந்தது. பயனர் எண்களைத் தனியாகப் பிரித்துக் காட்டும் பயனர் பெயர்வெளி, 2013 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் 3.8இல் முழுமை பெற்றது. அடுத்த மாதமே சாலமன் ஹைக்ஸ் டாக்கரைப் பொதுவில் அறிமுகப்படுத்தினார். ஆயினும் டாக்கர் இயல்பு நிலையில் இப்பெயர்வெளியைப் பயன்படுத்துவதில்லை. ரூட் எனும் முழு அதிகாரப் பயனரின் உரிமையின்றி டாக்கரை இயக்கும் முறை 2019இல் சோதனை வசதியாக வந்து, 2020 டிசம்பரில் வெளியான 20.10 பதிப்பில் நிலைபெற்றது.

பிழையின் அடிப்படை

லினக்ஸ் கெர்னலுக்குப் பயனர் பெயர் தெரியாது. எண் மட்டுமே தெரியும். பெயரையும் எண்ணையும் இணைப்பது பயனர் பட்டியல் கோப்பு. கொள்கலனுக்கு ஒரு பட்டியலும், அதை இயக்கும் புரவலன் கணினிக்கு வேறொரு பட்டியலும் உண்டு. கெர்னலோ இரண்டுக்கும் ஒன்றுதான். எனவே கொள்கலனுக்குள் 33 என்ற எண்ணில் இயங்கும் செயலி, புரவலனிலும் 33ஆகவே நடத்தப்படும். புரவலனின் அடைவு 1000 என்ற எண்ணுக்கு உரியதாக இருந்தால், அதில் எழுதும் முயற்சி மறுக்கப்படும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு வழக்கமாகக் கிடைப்பது இந்த 1000தான்.

கொள்கலன்களை உருவாக்கப் பயன்படும் படிமங்களில் உள்ள எண்களும் ஒரே சீராக இல்லை. இணையப் பணிக்கான பயனர் டெபியனில் 33, ஆல்பைனில் 82. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் படிமம் டெபியன் வகையில் 999ஐயும் ஆல்பைன் வகையில் 70ஐயும் பயன்படுத்துகிறது. கிராஃபானாவின் எண் 472. இடத்தை மிச்சப்படுத்த எண்ணி டெபியன் படிமத்திலிருந்து ஆல்பைனுக்கு மாறியதும் நேற்றுவரை ஓடிய செயலி நின்றுபோவதற்கு இதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. அத்தகைய ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் கோயில் திருவிழா, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பள்ளி ஆகியவற்றின் பழைய படங்களைச் சேகரித்து, ஒருவர் வீட்டுக் கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வுச் செயலியை நிறுவுகிறார்கள் எனக் கொள்வோம். கட்டளையில் குறிப்பிட்ட தரவு அடைவு இன்னும் உருவாக்கப்படவில்லை என்றால், டாக்கரே அதை ரூட்டின் உரிமையில் உருவாக்கிவிடும். டெபியன் வகைப் படிமத்தில் நெக்ஸ்ட்கிளவுட் 33 என்ற எண்ணில் இயங்குவதால், அதற்கு அங்கே எழுத முடியாமற் போகலாம். படங்களை எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள வெளிவட்டில் வைத்தால் சிக்கல் வேறு வகையாகும். அவ்வடிவம் யூனிக்ஸ் உரிமைத் தகவலைச் சேமிப்பதே இல்லை. வட்டை இணைக்கும்போதே பயனர் எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

பிழைச் செய்தியைப் படித்தல்

ஒன்றுபோலத் தோன்றும் மூன்று செய்திகள் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சுட்டுகின்றன. ‘பெர்மிஷன் டினைட்’ (பிழை எண் 13) பெரும்பாலும் கோப்பின் உரிமை அல்லது அனுமதி பொருந்தவில்லை என்பதைக் காட்டும். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ (பிழை எண் 1), அந்தச் செயலைச் செய்யும் சிறப்புத் திறன் செயல்முறைக்கு இல்லை என்பதைக் குறிக்கும். பாதுகாப்புக்காகத் திறன்கள் நீக்கப்பட்ட கொள்கலனில் உரிமையாளரை மாற்ற முயன்றால் இது வரும். ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ (பிழை எண் 30) என்றால் இணைப்பே படிக்க மட்டும் என்று அமைந்துள்ளது. அனுமதியை எவ்வளவு தளர்த்தினாலும் பயனில்லை.

கொள்கலன் தொடங்கியவுடன் 126 என்ற முடிவெண்ணுடன் நின்றால், தொடக்க நிரலுக்கு இயக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்கர் கட்டளையே மறுக்கப்பட்டால் சிக்கல் கொள்கலனுக்கு வெளியே, டாக்கரின் சாக்கெட் கோப்பில் உள்ளது. பயனரை டாக்கர் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் அது தீரும். ஆனால் அக்குழுவில் இருப்பது ரூட் உரிமை பெற்றிருப்பதற்குச் சமம்.

கண்டறியும் முறை

முதலில், கொள்கலனின் பதிவேட்டில் எந்தப் பாதை மறுக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கொள்கலனுக்குள் ஐடி கட்டளையை இயக்கி, செயலியின் பயனர் எண்ணை அறிய வேண்டும். பின்னர், புரவலனில் அதே அடைவின் உரிமையாளரைப் பெயராக அல்லாமல் எண்ணாகப் பார்க்க வேண்டும். எண்கள் பொருந்தாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. பொருந்தியும் மறுக்கப்பட்டால், ஃபெடோரா, ரெட் ஹாட் வகைகளில் எஸ்இலினக்ஸையும், உபுண்டுவில் ஆப்ஆர்மரையும் ஆகிய கூடுதல் பாதுகாப்பு அமைப்புகளை ஆராய வேண்டும்.

தீர்வுகள்

அடைவின் உரிமையாளரைச் செயலியின் எண்ணுக்கு மாற்றுவது எளிய தீர்வு. செயலியை அடைவு உரிமையாளரின் எண்ணில் இயக்குவது மற்றொன்று. சில படிமங்கள் பியுஐடி (பயனர் எண்), பிஜிஐடி (குழு எண்) என்ற மாறிகள் வழியாக இதற்கு இடம் தருகின்றன. புரவலனின் அடைவுக்குப் பதிலாக டாக்கரே நிர்வகிக்கும் பெயரிட்ட சேமிப்பகத்தைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது. வெறுமையான சேமிப்பகம் முதன்முறை இணைக்கப்படும்போது, படிமத்தில் உள்ள அடைவின் உரிமையை டாக்கர் அதற்கும் வழங்குகிறது.

எஸ்இலினக்ஸ் உள்ள கணினிகளில் இணைப்பின் முடிவில் இசட் எழுத்தைச் சேர்த்தால் அடைவுக்குரிய முத்திரை மாற்றப்படும். சிறிய எழுத்து, பல கொள்கலன்கள் பகிரும் அடைவுக்கு. பெரிய எழுத்து, ஒரே கொள்கலனுக்கு. பயனரின் முழு இல்ல அடைவுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

ரூட் இல்லா முறையில் கணக்கு வேறு. கொள்கலனின் ரூட் எண்ணாகிய 0, புரவலனில் சாதாரணப் பயனராகிறது; 1 முதல் தொடங்கும் எண்கள் அப்பயனருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிக்குப் போகின்றன. அத்தொகுதி 100000இல் தொடங்கினால், கொள்கலனின் 33 புரவலனில் 100032 ஆகும். உரிமையாளராக இவ்வளவு பெரிய எண் தெரிவது பழுதன்று. போட்மேனில் அன்ஷேர் கட்டளையின் வழியே உரிமையை மாற்றினால் இக்கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை

அடைவுக்கு 777 அனுமதி கொடுப்பது, செயலியை எல்லா உரிமைகளுடனும் இயக்குவது, எஸ்இலினக்ஸை முடக்குவது ஆகிய மூன்றும் பிழையை மறைக்குமே தவிரக் காரணத்தை நீக்கா. 777 என்பது அந்த அடைவை எட்டும் எந்தக் கணக்கும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்பதாகும். சில செயலிகள் இதை ஏற்பதும் இல்லை. தரவு அடைவு பிறருக்குத் திறந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் தொடங்கவே மறுக்கும்.

மலேசியாவில் அனுமதியைத் தளர்த்துவதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நடவடிக்கைகளில் பெறப்படும் தனிநபர் தரவைப் பாதுகாப்பாக வைத்திருக்கக் கோருகிறது. சட்டத் திருத்தத்தின்படி, தரவுக் கசிவை அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வாடிக்கையாளர் விவரங்களைச் சொந்த வழங்கியில் வைத்திருக்கும் அலோர் ஸ்டார் கடைக்காரருக்கும் சுங்கைப்பட்டாணி டியூஷன் நிலையத்துக்கும் அனுமதி அமைப்பு வெறும் தொழில்நுட்ப விவகாரமன்று. எவ்வாறாயினும், உரிமையை மாற்றும் எந்தக் கட்டளைக்கும் முன்பாகத் தரவின் நகல் ஒன்றை எடுத்துவைக்க வேண்டும்.